சாப்பாட்டு போட்டோவுல நான் பண்ணின தப்பு, இப்ப நீங்க பண்ணிட்டு இருக்கற தப்பு

போன வாரம் சித்தி பொண்ணு ஒரு சூப் போட்டோ அனுப்பி, "அக்கா, இது ஏன் இப்படி டல்லடிக்குது?"ன்னு கேட்டா. பாத்ததும் சிரிப்பு வந்துச்சு, அடுத்த நிமிஷமே கடுப்பாயிடுச்சு. கருப்பு பலகை, ஓரத்துல வேணும்னே கசக்கி வச்ச துணி, சும்மா தெறிச்சு விட்ட நாலு மிளகு... அஞ்சு வருஷம் முன்னாடி நான் எடுத்த அதே போட்டோ! லென்ஸ தொடைங்க, தட்டு விளிம்ப தொடைங்கன்னு எல்லாம் இங்க சொல்லப் போறதில்ல, அது உங்களுக்கே தெரியும்.

சேவ் பண்ணி வச்ச படத்துக்காக சமைக்கறது

என் போன்ல அப்ப எக்கச்சக்கமா படம் சேவ் பண்ணி வச்சிருந்தேன். இன்னிக்கு என்ன சமைக்கலாம்னா வீட்ல என்ன காய் இருக்குன்னு பாக்க மாட்டேன், அந்தப் படங்களத்தான் திறப்பேன். அப்படி ஒரு நாள் மாட்டினது ஒரு தக்காளி சூப், பின்னாடி முழு இருட்டு, மேல ஆவி சுருள் சுருளா ஏறுது. அதே மாதிரி வேணும்னு கருப்பு பலகை வாங்கி, கல்லு மாதிரி ஒரு கிண்ணம் வாங்கி, அதுக்கு மேட்ச்சா ஸ்பூனும் வாங்கி, சூப்ப ஊத்திட்டு ஒரு மணி நேரம் துணிய மடிக்கறதும் பிரிக்கறதுமா இருந்தேன். ஆவியக் காணோம், சூப் மேல ஆடை படிஞ்சிருச்சு, வீட்ல எல்லாரும் பசியோட என்னையே பாத்துட்டு இருக்காங்க. போட்டோ ஏதோ சேத்துத் தண்ணி மாதிரி வந்துச்சு. அதுக்கு நான் என்ன பண்ணேன் தெரியுமா, கிண்ணம் சரியில்லன்னு இன்னொரு கிண்ணம் வாங்கினேன். இத நெனச்சா இன்னிக்கும் எரிச்சலா வருது. சித்தி பொண்ணும் இப்ப ரெண்டாவது கிண்ணம் ஆர்டர் போட்டிருக்காளாம்.

உண்மையான காரணம் ரொம்ப சின்னது. நம்ம கண்ணுக்கு ஆவியா தெரியறது பொடிப்பொடி தண்ணித் துளிங்க. வெளிச்சம் பின்னாடி இருந்தோ பக்கவாட்டுல இருந்தோ வந்து, அதுக்குப் பின்னாடி இருட்டா இருந்தாத்தான் அது பளிச்சுனு தெரியும். நான் தலைக்கு மேல லைட்டப் போட்டு முன்னாடி பிளாஷும் அடிச்சா எங்க தெரியும், அதுவும் சூப் ஆறினதுக்கு அப்புறம்! அந்தப் படத்தோட மொத்த ரகசியமே ஜன்னல் எந்தப் பக்கம் இருந்துச்சுங்கறதுதான், அதக் காசு குடுத்து வாங்க முடியாது. ஆனா அடுத்தவங்க படத்துல நம்ம கண்ணுல படறது கிண்ணமும் துணியும் மட்டும்தான், அதனால அதையே காப்பி அடிக்கறோம்.

அப்புறம் கொஞ்ச நாள் கேமராவையே தொடல. ஒரு நாள் காலைல ஊதா முட்டைக்கோஸ ரெண்டா வெட்டினேன், ஜன்னல் வெளிச்சம் சாய்வா விழுந்து உள்ள இருக்கற மடிப்பெல்லாம் அலை அலையா தெரிஞ்சுது. கத்தியக் கீழ வச்சுட்டு வெட்டுப் பலகையோடவே ஒண்ணு எடுத்தேன். அத வதக்கி எலுமிச்சை பிழிஞ்சா ஊதா அப்படியே ரோஸா மாறுது (அதுல இருக்கற ஆந்தோசயனின்ங்கற நிறமி புளிப்பு பட்டா நிறம் மாறும்), பாதி மாறினப்ப இன்னொண்ணு. அந்த ரெண்டையும் பாத்துட்டுத்தான் முதல் தடவையா ஒருத்தர் "எப்படி எடுத்த?"ன்னு கேட்டாங்க. ஐடியா எல்லாம் அடுப்புப் பக்கத்துலயே கிடந்திருக்கு: மஞ்சள் கரு உடையற நேரம், மூடியத் திறந்ததும் வர்ற முதல் ஆவி, கையில ஒட்டின மாவு, உரிச்சுப் போட்ட தோல். எல்லாம் சில நொடிதான் நிக்கும், அதனால போன் வெட்டுப் பலகை பக்கத்துல இருக்கணும்.

அடுத்தவங்க படம் பாத்தே ஆகணும்னா பழைய ஓவியங்களப் பாருங்க. 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் பீட்டர் கிளாஸ் வரைஞ்ச சாப்பாட்டு மேசைல பாதி உரிச்ச எலுமிச்சையும் சாஞ்சு கிடக்கற கண்ணாடிக் கோப்பையும் இருக்கும், வெளிச்சம் ஒரு பக்கமா வரும். இத்தாலிய ஓவியர் கராவாஜியோ வரைஞ்ச பழக்கூடைல ஆப்பிள்ல புழு ஓட்டை, இலையெல்லாம் வாடிக் கிடக்கும். அதுல என்னென்ன பொருள் இருக்குன்னு லிஸ்ட் எடுக்காதீங்க, வெளிச்சம் எங்க இருந்து வருதுன்னு மட்டும் பாருங்க.

ஜன்னல் பக்கம் வச்சுட்டு ரூம் லைட்டயும் எரிய விடறது

வெளிச்சத்தோட நிறத்த கெல்வின்ங்கற அளவுல சொல்வாங்க: மஞ்சள் பல்பு 2700-3000 கெல்வின், பகல் வெளிச்சம் சுமாரா 5500. கேமரா ஏதாவது ஒண்ணுக்குத்தான் சரி பண்ணும், அதனால தட்டுல ஒரு பக்கம் மஞ்சளா, ஒரு பக்கம் நீலமா வரும். லைட்ட அணைங்க. நிழல் ரொம்ப கருப்பா இருந்தா ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டைய நிறுத்துங்க, போதும்.

பச்சை இலைய முதல்லயே தூவறது

சூடும் புளிப்பும் சேந்தா பச்சையத்துல இருக்கற மெக்னீசியம் போயிடும், இலை பழுப்பாயிடும். கிளிக் பண்றதுக்கு முன்னாடி தூவுங்க.

போனக் கிட்டக்க கொண்டு போறது

வட்டக் கிண்ணம் முட்டை மாதிரி வரும். பின்னாடி நகந்து 2 மடங்கு ஜூம்.

எல்லாத்தையும் மேல இருந்தே எடுக்கறது

பீட்சாவுக்கு சரி. பர்கருக்கு?

ஃபில்டர்

வேணாம்.