வளர்ப்பு முயலுக்குத் தெள்ளுப்பூச்சி, சிற்றுண்ணித் தொல்லை: தொடக்கநிலையாளருக்கான செய்முறை விளக்கம்

முயல் அடிக்கடி காதைச் சொறிந்தாலோ, பின்கழுத்தில் முடி கொட்டினாலோ, தோலில் வெள்ளைச் செதில்கள் தெரிந்தாலோ பலரும் முதலில் தேடுவது மருந்தைத்தான். நாய்க்கு வாங்கிய சொட்டுமருந்து வீட்டில் இருந்தால் அதில் ஒரு துளி விட்டுப் பார்க்கலாமே என்றும் தோன்றும். அப்படிச் செய்யவே கூடாது. நாய்க்கும் பூனைக்கும் ஒத்துக்கொள்ளும் மருந்துகளில் சில முயலின் உயிரையே பறித்துவிடும். ஆகவே எந்தப் பூச்சி என்று பார்ப்பது முதல் வேலை, மருத்துவரிடம் காட்டுவது அடுத்த வேலை, மருந்து அதற்குப் பிறகுதான்.

படி 1: முயலைப் பிடித்துக்கொள்ளுதல்

பற்கள் நெருக்கமான பேன் சீப்பு, வெள்ளைக் காகிதம், ஈரப் பஞ்சு, ஒட்டுநாடா, டார்ச் விளக்கு, சோப்பு கரைத்த நீர் ஒரு கிண்ணம், பழைய துண்டு ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் வைத்துப் பார்க்காமல் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்து, முயலை உங்கள் இரண்டு முழங்கால்களுக்கும் இடையில் இருத்திக்கொள்ளுங்கள். காதைப் பிடித்துத் தூக்குவது பல இடங்களில் வழக்கமாக இருந்தாலும் அது தவறு. பின்னங்கால்களுக்குக் கை கொடுக்காமல் தூக்கினால், முயல் உதறி உதைக்கும் வேகத்திலேயே அதன் முதுகெலும்பு முறிந்துவிடக்கூடும்.

படி 2: தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்தல்

வீட்டு முயலுக்கு வரும் தெள்ளுப்பூச்சி பெரும்பாலும் பூனையிடமிருந்தோ நாயிடமிருந்தோ வந்ததாகவே இருக்கும். 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளமும் கரும்பழுப்பு நிறமும் பக்கவாட்டில் தட்டையான உடலும் கொண்ட இது, முடியை விலக்கிய மறுகணமே ஓடி மறைந்துவிடும். அதனால் பூச்சியைத் தேடுவதைவிட அதன் கழிவைத் தேடுவது எளிது. பின்கழுத்திலிருந்து வால்வரை முடி வளர்ந்த திசையிலேயே மெதுவாகச் சீவி, சீப்பில் வருவதை வெள்ளைக் காகிதத்தில் தட்டுங்கள். கறுப்புத் துகள்கள் விழுந்தால் அவற்றின்மேல் ஈரப் பஞ்சை ஒற்றி ஒரு நிமிடம் பொறுத்திருங்கள். சாதாரண மண்ணாக இருந்தால் அப்படியே கறுத்துக் கிடக்கும். தெள்ளின் கழிவாக இருந்தால், அது செரித்த இரத்தம் என்பதால், துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் கசிந்து பரவும். சீப்பில் உயிரோடு பூச்சி அகப்பட்டால் உடனே சோப்பு நீரில் அமுக்கிவிடுங்கள். முயலின் தோல் மிக மெல்லியது. முடிச்சிட்ட இடத்தில் சீப்பை இழுத்தால் கிழிந்துவிடும்.

குட்டிகளின் உடலில் தெள்ளு மிகுந்தால் இரத்தசோகை வரும். ஈறு வெளுத்திருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

படி 3: சிற்றுண்ணி எது என்று பிரித்தறிதல்

இங்கே பொறுமை வேண்டும். முயலை வாட்டும் சிற்றுண்ணிகளில் (ஆங்கிலத்தில் மைட் எனப்படும் மிகச் சிறிய ஒட்டுண்ணிகளில்) மூன்று வகைகளைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும், அவை உடலில் பிடிக்கும் இடமே பெரும்பாலும் அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் வகை காதுச் சிற்றுண்ணி. முயல் தலையை உதறும், ஒரு காதைத் தொங்கவிடும், பின்னங்காலால் காதின் அடிப்பகுதியைச் சொறிந்துகொண்டே இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் காதின் உட்புறத்தில் பழுப்பும் சாம்பலும் கலந்த பொருக்கு, காய்ந்த மாவுபோல அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். மஞ்சள் நிறத்தில் சிறிதளவு காதழுக்கு இருப்பது இயல்புதான், அதைப் பார்த்து அஞ்ச வேண்டாம். ஆனால் பொருக்கு இருந்தால் அதைப் பிய்க்கவோ பஞ்சுக்குச்சியால் சுரண்டவோ கூடாது. அதன் அடியில் இருப்பது புண்ணான தோல். பிய்த்தால் இரத்தம் வரும், முயல் வலியால் துடித்துப்போகும். சரியான மருந்து கொடுத்தபின் பொருக்கு தானாகவே காய்ந்து உதிர்ந்துவிடும்.

இரண்டாவது வகை முடியில் வாழ்வது. பின்கழுத்திலும் முதுகிலும் வாலின் அடியிலும் பெரிய பெரிய செதில்களாகப் பொடுகு தெரியும், முடியும் கொத்தாகக் கழன்று வரும். பொடுகின்மீது ஒட்டுநாடாவை ஒற்றியெடுத்துக் கறுப்புக் காகிதத்தின்மேல் ஒட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள்; செதில்களுக்கு இடையே வெளிறிய புள்ளிகள் நகர்வது சில வேளைகளில் தெரியும். இந்த வகை மனிதர்களையும் கடிக்கும். முயலைத் தூக்கிக் கொஞ்சுபவரின் கையிலும் வயிற்றிலும் அரிப்புடன் சிவந்த தடிப்புகள் வந்தால், அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

மூன்றாவது வகை தோலைக் குடைந்து வாழும் சொறிச் சிற்றுண்ணி. மூக்கு, உதடு, கண்ணோரம், கால்விரல்கள் ஆகிய இடங்களில் வெள்ளைப் பொருக்குத் தோன்றி வேகமாகப் பரவும். அரிப்பு தாங்க முடியாததாக இருக்கும், இதுவும் மனிதர்களுக்குத் தொற்றக்கூடும். படர்தாமரையும் ஏறக்குறைய இதே தோற்றத்தில் வருவதுண்டு. கண்ணால் மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும்.

படி 4: மருத்துவரிடம் காட்டுதல்

புறப்படும் முன் முயலைக் கூடையில் வைத்து எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், மருந்தின் அளவு எடையைப் பொறுத்ததே. ஒட்டுநாடா மாதிரியையும் காகிதத்தில் விழுந்த துகளையும் உடன் எடுத்துச் செல்லலாம். அருகில் முயல் பார்க்கும் மருத்துவர் இல்லையென்றால், சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளை நாடலாம்.

சிற்றுண்ணிக்குப் பெரும்பாலும் ஐவர்மெக்டின் ஊசியோ, பின்கழுத்தில் விடும் செலாமெக்டின் சொட்டுமருந்தோ தருவார்கள். தெள்ளுக்கு இமிடாகுளோப்ரிட் சொட்டுமருந்து தருவதும் உண்டு. ஐவர்மெக்டினைக் கடையில் வாங்கி வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு சிறு கணக்கைப் பார்க்க வேண்டும். மாடுகளுக்கான 1 சதவீத ஊசிமருந்தில் ஒரு மி.லி.க்கு 10 மி.கி. மருந்து இருக்கிறது. ஒரு கிலோ எடைக்கு 0.2 மி.கி. என்று மருத்துவர் முடிவு செய்தால், ஒன்றரைக் கிலோ முயலுக்குத் தேவைப்படுவது 0.03 மி.லி. மட்டுமே. சாதாரண ஊசிக்குழலில் அந்த அளவைச் சரியாக எடுப்பது பழகாத கைக்கு இயலாத காரியம், கோடு ஒன்று தவறினாலும் அளவு பல மடங்காகிவிடும்.

படி 5: தவிர்க்க வேண்டியவை

நாய், பூனைகளின் தெள்ளுக்காக விற்கப்படும் ஃபிப்ரோனில் முயலுக்கு நஞ்சு. ஃபிப்ரோனில் உள்ள ஃபிரண்ட்லைன் என்ற சொட்டுமருந்தின் உறையிலேயே முயலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை உண்டு. தெரியாமல் போட்டுவிட்டால், அந்த இடத்தை மட்டும் வெதுவெதுப்பான நீராலும் மென்மையான சோப்பாலும் கழுவி, நன்றாகத் துடைத்து, முயல் நக்காமல் பார்த்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். நடுக்கமும் வலிப்பும் வரும்வரை காத்திருக்கக் கூடாது. தெள்ளை விரட்டக் கழுத்தில் கட்டும் பட்டையும் மருந்துக் குளியலும் வேண்டாம். நனைந்த முயல் விரைவில் உடல் குளிர்ந்து, அதிர்ச்சியிலேயே இறந்துவிடக்கூடும். கற்பூரம் கலந்த தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய் ஆகியவற்றை அக்கறையோடுதான் பலர் தடவுகிறார்கள் என்றாலும், முயல் நாள் முழுவதும் தன் உடலை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி என்பதால், தடவியது எல்லாம் அதன் வயிற்றுக்குள்தான் போகும்.

படி 6: கூண்டையும் வீட்டையும் சுத்தம் செய்தல்

முயலுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் பூச்சி திரும்பிவரும். தெள்ளின் முட்டைகள் தரையில் உதிர்ந்து, கூட்டுப்புழுப் பருவத்தில் மாதக்கணக்கில் கூடத் தங்கியிருக்கும். காதுச் சிற்றுண்ணியோ உதிர்ந்த பொருக்கில் மூன்று வாரங்கள் வரை தாக்குப்பிடிக்கக்கூடும். ஆகவே சிகிச்சை தொடங்கும் நாளிலேயே பழைய வைக்கோலையும் சாக்கையும் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். கம்பிக் கூண்டைக் கொதிநீரால் கழுவி, வெயிலில் முழுதாகக் காயவிடுங்கள். மரக்கூண்டின் இடுக்குகளைத் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். அட்டைப்பெட்டியை எறிந்துவிடுவதே நல்லது. பாயையும் சோபாவின் அடியையும் நாள்தோறும் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி, சேர்ந்த குப்பையை வீட்டுக்கு வெளியே கொட்டுங்கள். வீட்டில் பூனையோ நாயோ இருந்தால், அவற்றுக்கேற்ற மருந்தை அதே நாளில் கொடுக்க வேண்டும். ஆனால் அது காயும்வரை முயலை அவற்றின் அருகில் விடக்கூடாது.

படி 7: தொடர்ந்து கவனித்தல்

ஐவர்மெக்டின் முட்டைகளைக் கொல்லாது. அதனால்தான் 10 முதல் 14 நாட்கள் கழித்து அடுத்த ஊசிக்கு வரச் சொல்கிறார்கள். முதல் ஊசியிலேயே சொறி நின்றுவிட்டதென்று அடுத்த ஊசியைக் கைவிட்டால், பொரித்து வரும் குஞ்சுகளால் எல்லாம் மறுபடியும் தொடங்கிவிடும். ஒரே இடத்தில் வாழும் முயல்கள் அனைத்துக்கும், அறிகுறி தெரியாதவற்றுக்கும் சேர்த்தே, சிகிச்சை தேவை. புதிதாக வாங்கிவரும் முயலை மூன்று வாரங்களாவது தனிக்கூண்டில் வைத்திருங்கள்.

இந்த நாட்களில் தீவனத்தையும் புழுக்கையையும் நாள்தோறும் கவனியுங்கள். 12 மணி நேரம் முயல் சாப்பிடாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால், அது பூச்சித் தொல்லையைவிட அவசரமானது. சிகிச்சை முடிந்தும் முதுகில் பொடுகு திரும்பத் திரும்ப வந்தால், பல்லையும் மூட்டுகளையும் உடல் பருமனையும் பரிசோதிக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். பல்வலியாலோ மூட்டுவலியாலோ திரும்பி முதுகை நக்க முடியாத முயலின் முடியில்தான் சிற்றுண்ணிகள் பெருகுகின்றன. அந்த வலி தீராமல் எத்தனை முறை மருந்து போட்டாலும் அவை திரும்பி வரும்.