செஸ்ட் பிரஸ்ஸுக்கு பெஞ்ச எவ்ளோ சாய்க்கணும்?

கோலாலம்பூர்ல செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் எந்த ஜிம்முக்கு போனாலும் பாருங்க, இன்க்ளைன்னு (தலைப்பக்கம் உயர்த்தின பெஞ்ச்) சொல்லி நம்ம பசங்க பெஞ்ச நாற்காலி மாதிரி நிமித்தி வச்சு பிரஸ் பண்ணிட்டு, அதாவது வெயிட்ட நெஞ்சுலேர்ந்து மேல தள்ளிட்டு இருப்பாங்க. மேல் நெஞ்சு எடுத்து காட்டணும்னு ஆசை, ஆனா வேலை முக்கால்வாசி தோளுக்கு போயிடுது. பெரும்பாலான ஆளுங்களுக்கு 15லேர்ந்து 30 டிகிரி போதும், அதுக்கு மேல அவசரப்பட்டு ஏத்தாதீங்க.

ஏன்னா நெஞ்சு சதையோட மேல் பகுதி காறை எலும்புல ஆரம்பிக்குது, பெரிய பகுதி நடு நெஞ்செலும்புல, ரெண்டும் மேல்கை எலும்புல போய் சேருது. பெஞ்ச தூக்க தூக்க கை தலைப்பக்கமா தள்ளுது, அதனால மேல் பகுதிக்கு வேலை கூடும், ஆனா கூடவே முன்தோளுக்கும் கூடும். 30 வரைக்கும் பங்கு நல்லாதான் இருக்கு, 45 தாண்டினா முன்தோள் முந்திக்கும், 60ல அது கிட்டத்தட்ட ஷோல்டர் பிரஸ்தான். பிளாட்ல, அதாவது உயர்த்தாத மட்டமான பெஞ்ச்ல, மேல் நெஞ்சு சும்மா இருக்குனும் நினைக்காதீங்க, அங்கயும் அது வேலை செய்யுது, அதனால புதுசா ஆரம்பிக்கிறவங்க பிளாட்டையும் லேசான இன்க்ளைனையும் மட்டும் புடிச்சுக்கிட்டா ரொம்ப நாளைக்கு வேற எதுவும் தேவைப்படாது.

நிறைய பெஞ்ச்ல டிகிரி எழுதியிருக்காது. போன்ல லெவல் ஆப் இருந்தா முதுகு சாயுற பலகை மேல வச்சு பாருங்க. இல்லனா டேப் போதும்: பலகை நீளம் 80 செ.மீ.ன்னா, அதோட மேல் முனை கீழ் முனையவிட 40 செ.மீ. உயரத்துல இருந்தா சரியா 30 டிகிரி, 20 செ.மீ.ன்னா ஏறக்குறைய 15. நீளத்துல பாதி, நீளத்துல கால்வாசி, அவ்ளோதான் கணக்கு.

ஆனா பெஞ்ச் சொல்ற டிகிரி வேற, உங்க நெஞ்சு நிக்கிற டிகிரி வேற, இதத்தான் யாரும் கவனிக்க மாட்டேங்குறாங்க. 30ல வச்சுட்டு இடுப்ப தூக்கி முதுக நல்லா வளைச்சு தள்ளினா நெஞ்சு மறுபடி பிளாட் பக்கம் போயிடும், அப்புறம் எதுக்கு இன்க்ளைன்? பின்பக்கம் சீட்ல ஒட்டியிருக்கணும், தோள்பட்டைய பின்னாடி இழுத்து கீழ அழுத்தி வைங்க, கால் தரையில உறுதியா இருக்கட்டும். சீட்டையும் ஒரு ஓட்டை (உயரம் மாத்த பின் சொருகுற ஓட்டை) தூக்கி விடுங்க, வழுக்கி இறங்க மாட்டீங்க. முழங்கைய உடம்புலேர்ந்து நேரா 90க்கு விரிக்காம கொஞ்சம் உள்ள கொண்டு வாங்க. பார் பிளாட்ல நெஞ்சோட கீழ்ப்பாதியில வந்து தொடும், இன்க்ளைன்ல அதவிட மேல, காறை எலும்புக்கு கொஞ்சம் கீழ. பிளாட்ல தூக்குற வெயிட் இன்க்ளைன்ல வராது, அது இயல்பு, கொறச்சுதான் ஆரம்பிக்கணும்.

பண்ணும்போது தோள் முன்பக்கம் மட்டும் எரியுது, நெஞ்சுல ஒன்னுமே தெரியலன்னா பெஞ்ச ஒரு ஓட்டை இறக்கி பாருங்க. மூட்டுக்குள்ள குத்துற மாதிரி வலின்னா அது டிகிரி பிரச்சனை மட்டும் இல்ல, நிறுத்திட்டு பிசியோகிட்ட காட்டுங்க ப்ளீஸ். டிக்ளைன் கட்டாயம் இல்ல, தலை கீழ போற பொசிஷன் அது, பிரஷர் இருக்கிறவங்க தள்ளியே இருங்க.

கொண்டோ (அடுக்குமாடி வீடு) ஜிம்ல சில இடத்துல டம்பெல் 20 கிலோவோட முடிஞ்சிடும். அங்க இன்க்ளைன் ரொம்ப கை கொடுக்கும், பிளாட்ல லேசா தெரியுற அதே 20 கிலோ 30 டிகிரியில மூணு செகண்ட் எடுத்து மெதுவா இறக்கினா நல்லாவே கனக்கும்.

ஒரு டிகிரிய புடிச்சா கொஞ்ச வாரத்துக்கு மாத்தாதீங்க, வெயிட் எழுதி வைக்கும்போது பெஞ்ச் எத்தனாவது ஓட்டைன்னும் சேர்த்து எழுதுங்க, ஜிம் மாறினா மட்டும் மறுபடி அளந்துக்கோங்க, ஏன்னா ஒரு கம்பெனி பெஞ்சோட மூணாவது ஓட்டையும் இன்னொன்னோட மூணாவது ஓட்டையும் ஒன்னா இருக்காது.