கடல் நாளை ஆறுதலாகக் கழிப்பது எப்படி?

கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் நாளைத்தான் கடல் நாள் என்கிறார்கள். மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு இது பெரும்பாலும் சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் போய்வரும் 3, 4 இரவுப் பயணத்தில் வாய்க்கும். நம் கரையில் பெரிய உல்லாசக் கப்பல் வந்து நிற்க வசதியில்லை. ஒலுவில் துறைமுகத்தின் வாயையும் மணல் அடைத்துவிட்டது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து வந்த எம்ப்ரஸ் கப்பலும் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்றுதான் நின்றது.

காசு கொடுத்து வாங்கிய இந்த நாளைக் கதிரை தேடியும் வரிசையில் நின்றும் தொலைக்கிறவர்கள் அதிகம். சில வேலைகளை முன்கூட்டியே முடித்தால் பகலில் சும்மா இருக்கலாம்.

முதலில் வயிறு. “நாங்க கடற்கரைச் சனம், எங்களுக்கென்ன” என்ற எண்ணம் உதவாது. வாவியில் தோணி ஆடினால் அது கண்ணுக்கும் தெரியும். மூடிய கபினுக்குள் சுவரும் கட்டிலும் அசையாதது போல நிற்க, உட்காது மட்டும் ஆட்டத்தை உணரும். கண்ணும் காதும் ஒத்துப்போகாததால்தான் சத்தி வருகிறது. ஆகவே கபின் பதியும்போதே கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டுகளில் ஒன்றைக் கேளுங்கள். அலையில் முன்முனையும் பின்முனையும்தான் அதிகம் ஏறி இறங்கும். பக்கவாட்டு ஆட்டத்தைக் கப்பலின் அடியில் நீண்டிருக்கும் சிறகுகள் குறைக்கும்; முன்பின் ஆட்டத்துக்கு அவை பெரிதாக உதவா.

சத்தியைத் தடுக்கும் சினரிசின் குளிசையை ஊரிலேயே வாங்கி, அளவைப் பாமசியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடல் குழம்புவதற்குச் சுமார் 2 மணித்தியாலம் முன்னரே போட வேண்டும். சத்தி தொடங்கிய பிறகு போட்டால் குளிசையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். நித்திரை தூக்கும், மதுவோடு சேரக்கூடாது, பார்க்கின்சன் நோயாளிகளுக்கு ஆகாது. தலை சுற்றத் தொடங்கினால் படுத்துக்கொண்டு போனைப் பார்க்காமல், வெளித்தட்டுக்குப் போய் அடிவானத்தைப் பாருங்கள். மலாக்கா நீரிணை சுமாத்திராவின் மறைவில் இருப்பதால் பெரும்பாலும் அமைதியானது. வங்கக் கடலில் கார்த்திகை, மார்கழி எப்படியிருக்கும் என்று நம் ஊராருக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த மாதங்களில் அந்தப் பக்கம் போகும் கப்பலை விட்டுவிடுவதே நல்லது.

அடுத்தது போன். கப்பல் கரையை விட்டு விலகும் முன்பே விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். நடுக்கடலில் காட்டும் சிக்னல் செய்மதி வழியாக வருவது. அதில் ரோமிங் ஓடினால் பில் பயங்கரமாக ஏறும். பல கப்பல்களில் அவர்களுடைய செயலியை உள் வைஃபையில் இலவசமாகப் பார்க்கலாம், நாளின் நிகழ்ச்சி நிரலும் அதிலேயே இருக்கும். அதைப் பார்த்து இரண்டே இரண்டைத் தெரிவு செய்யுங்கள். காலை ஒன்று, பின்னேரம் ஒன்று. எல்லாவற்றுக்கும் ஓடினால் கலியாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவரின் களைப்புத்தான் மிஞ்சும்.

கதிரை விஷயம் கொஞ்சம் கணக்கு. நீச்சல் தடாகத்தைச் சுற்றியுள்ள கதிரைகள் காலை 9 மணிக்கெல்லாம் துவாய் விரித்துப் பிடிக்கப்பட்டிருக்கும். ஆளில்லாத துவாயைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு ஊழியர்கள் எடுத்துவிடும் கப்பல்களும் உண்டு. அந்தச் சண்டையே வேண்டாம். அங்கே பாட்டுச் சத்தமும் ஓயாது. கப்பலைச் சுற்றி ஓடும் நடைத்தட்டு இருந்தால் அங்கே போங்கள். வெயில் எந்தப் பக்கம் விழும் என்பது திசையைப் பொறுத்தது. சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு வடமேற்காகப் போகும்போது காலையில் இடப்பக்கம் நிழல், பின்னேரம் வலப்பக்கம். திரும்பி வரும்போது இது மாறும். கப்பல் 18 முதல் 20 நொட் வேகத்தில், அதாவது மணிக்கு 33 முதல் 37 கிலோமீற்றரில் ஓடினால் அந்தக் காற்றே வெயிலின் சூட்டை மறைத்துவிடும். தோல் எரிவது இரவில்தான் தெரியும். தொப்பி பறக்கும்; நாடா கட்டியது கொண்டுபோங்கள். ஈரத்தட்டில் தேய்ந்த பாட்டாச் செருப்பு வழுக்கும்.

சாப்பாட்டில் எல்லோரும் விடும் பிழை, மூன்று வேளையும் பஃபேக்குப் போவது. காலை எட்டரை முதல் ஒன்பதரை வரையும் மதியம் 12 முதல் 1 வரையும் அங்கே நெரிசல். கடல் நாளில் பல கப்பல்களில் பெரிய சாப்பாட்டு மண்டபம் மதியமும் திறந்திருக்கும். மேலதிகக் கட்டணம் இல்லை, மேசைக்கே கொண்டுவந்து தருவார்கள். ஹலால், சைவம் என்றால் பதியும்போதே முகவரிடம் எழுத்தில் கொடுத்து, ஏறிய அன்றிரவு தலைமைப் பரிசாரகரிடமும் ஒருமுறை சொல்லுங்கள். சமைத்த சாப்பாடு, ரைஸ் குக்கர், கேத்தல், அயன்பெட்டி எதுவும் ஏற விடமாட்டார்கள், ஸ்கேனரில் பிடிபடும். முத்திரை உடைக்காத சம்பல் போத்தலுக்குப் பெரும்பாலும் தடையில்லை. சாப்பிடும் முன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கப்பலில் பரவும் நோரோ வைரஸுக்கு ஜெல் போதாது.

காத்தான்குடி, சாய்ந்தமருதிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: இரும்புக் கபினுக்குள் போனின் திசைகாட்டி பிழையாகக் காட்டும், கப்பலும் திரும்பிக்கொண்டேயிருக்கும். கபின் தொலைக்காட்சியில் வரும் பயண வரைபடத்தில் கப்பலின் திசையைப் பார்த்து, தொழுகைக்கான கிப்லாத் திசையைக் கணித்துக்கொள்ளுங்கள். மலாக்கா நீரிணையிலும் அது நம் ஊரைப் போல மேற்கிலிருந்து சற்று வடக்கே.

சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னே. அங்கே பொழுது சாய ஏழு மணியாகும். ஆகவே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தாராளமாகத் தூங்கி, நாலு மணித் தேநீரைக் குடித்துவிட்டு, ஆறரைக்கு மேல்தட்டுக்குப் போனால் போதும். போனை நம்பாமல் கப்பல் நேரத்துக்குக் கைக்கடிகாரத்தை வையுங்கள்.

பணம் கையில் மாறாது, கபின் அட்டையைத்தான் நீட்டுவீர்கள். அதனால்தான் கணக்குத் தெரியாமல் ஏறும். குடிவகை, சிறப்புக் கோப்பி ஆகியவற்றுக்கு மேல் சேவைக் கட்டணம் தானாகச் சேரும். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், போத்தலை நிரப்பிக்கொள்ளுங்கள். மசாஜ் கடல் நாளில்தான் விலை கூட. துறைமுக நாளில் கழிவு கொடுப்பார்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டியது, டயபர் போட்ட குழந்தையைத் தடாகத்தில் இறக்க விடமாட்டார்கள். வயோதிபர்களுக்கு ஒரு சுவெட்டர் வேண்டும், அரங்கில் ஏசி கடுமையாக இருக்கும். இரவுச் சாப்பாட்டு மண்டபத்துக்கு அரைக்காற்சட்டை சரிவராது.

கடல் நாள் பயணத்தின் கடைசி நாளாக வந்தால், இரவில் பெட்டிகளை அட்டை கட்டி அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். கடவுச்சீட்டு, மருந்து, பல்துலக்கி, மறுநாள் உடுப்பு, சப்பாத்து ஆகியவற்றைக் கைப்பையில் எடுத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டுங்கள். எல்லாவற்றையும் அனுப்பிவிட்டுக் காலையில் சாரத்தோடு குடிவரவு வரிசையில் நிற்கிறவர் ஒவ்வொரு கப்பலிலும் ஒருவராவது இருப்பார்.