மாட்டி முடிச்சாச்சு, கையில் நாலு ஸ்க்ரூ மிச்சம்

திருப்பாதிரிப்புலியூரில் எங்களுக்கு ஹார்டுவேர் கடை. திங்கட்கிழமை காலையில் ஸ்க்ரூ வாங்க வருகிறவர்களைவிட ஸ்க்ரூவைக் காட்ட வருகிறவர்கள்தான் அதிகம். பாகம் பாகமாகப் பெட்டியில் வந்த அலமாரியை ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே உட்கார்ந்து மாட்டியிருப்பார்கள். "ஏம்மா, இது எதுக்குன்னு பாரேன்" என்று சட்டைப்பையிலிருந்து எடுத்து வைப்பார்கள். பாதிப் பேர் பதிலையும் கையோடு கொண்டுவருவார்கள்: "ஸ்பேரா குடுத்திருப்பானோ?"

கொடுப்பதும் உண்டு. பொடி ஸ்க்ரூக்களைப் பல இடங்களில் எடை போட்டுத்தான் பாக்கெட் கட்டுகிறார்கள். ஒன்று குறைந்தால் கூரியர் செலவு, ஒன்று கூடினால் பைசாக் கணக்கு. அதனால் பொடிசாக, ரகத்துக்கு ஒன்று மிஞ்சினால் நிம்மதியாகத் தூங்கலாம். ஒரே மாதிரி நாலு மிஞ்சினால் சந்தேகப்படுங்கள். ஒரு தட்டைத் தாங்க நாலு பின், ஒரு காலை முடுக்க நாலு ஸ்க்ரூ என்றுதான் பெரும்பாலும் கணக்கு இருக்கும். மாட்டும் முறையைக் காட்டும் தாளில் ஒரு படத்தை முழுசாகத் தாண்டியிருக்கிறீர்கள். அந்தத் தாளில் ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் எழுத்தோ எண்ணோ போட்டிருப்பார்கள். மிஞ்சியதன் எழுத்து எந்தப் படத்தில் வருகிறது என்று மட்டும் தேடுங்கள். முதல் பக்கத்திலிருந்து படித்தால் சாயங்காலம் ஆகிவிடும், வீட்டில் சண்டையும் வரும்.

மரக்குச்சி மிஞ்சினால் அந்த மூலையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மினிஃபிக்ஸ், அதாவது பலகைகளை இணைக்கிற திருகுப் பூட்டு, இழுத்துப் பிடிக்கும். பலகை நகராமல் நிறுத்துவது குச்சி.

தகடு என்பது ஸ்பேராக வரவே வராது. எல் வடிவத் தகடு, நீள ஸ்க்ரூ, சுவரில் இறக்குகிற பிளாஸ்டிக் கட்டை மூன்றும் சேர்ந்தாற்போல் மிஞ்சியிருந்தால், அலமாரியைச் சுவரோடு பிணைக்கக் கொடுத்தவை. கடைசிப் பக்கத்து வேலை, அதற்குள் டீ வந்துவிடும், மறந்துவிடுவார்கள். குழந்தை டிராயரை இழுத்து அதில் கால் வைத்தால் அலமாரி அப்படியே முன்னால் சாயும். வாடகை வீடு, ஓட்டை போட ஓனர் விடமாட்டார் என்கிறீர்களா? ஓனரிடம் இந்தச் சங்கதியைச் சொல்லிக் கேளுங்கள்.

சிரிக்க முடியாத மிச்சம் ஒன்று உண்டு: சீலிங் ஃபேனின் ஸ்பிளிட் பின். கொண்டைஊசி மாதிரி இரண்டு காலோடு, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத கம்பி. ராடின் மேல்முனையில் ஒரு போல்ட், மோட்டார் பக்கம் ஒரு போல்ட், இரண்டுக்கும் நட். ஃபேன் ஓடும் அதிர்வில் நட் நாளடைவில் தளர்ந்து கழன்றுவிடாமல் போல்ட்டின் ஓட்டைக்குள் நின்று தடுப்பது இந்தப் பின்தான். கையில் அது மிஞ்சியிருந்தால் ஸ்விட்சைப் போடாதீர்கள். மெயினை அணைத்து, ஏணி போட்டு, பின்னைச் செருகி, இரண்டு காலையும் எதிரெதிராக விரித்து மடக்குங்கள். விரிக்காமல் விட்ட பின் செருகாத பின்தான். ஸ்பிரிங் வாஷர் மிஞ்சினாலும் இதே மரியாதை.

அடுத்த முறை பாக்கெட்டைப் பிரிக்கும் முன் இட்லித் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குழிக்கு ஒரு ரகம். எந்தக் குழி காலியாகவில்லை என்று பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். (கழுவி வைத்துவிடுங்கள், அம்மாவிடம் நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.) போல்ட்டுகளை முதலில் கையால் மட்டும் திருகி, எல்லாம் உட்கார்ந்த பிறகு முடுக்குங்கள்.

குறைந்த ஸ்க்ரூவை வாங்க வந்தால் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கேளுங்கள். தேவனாம்பட்டினம் பக்கத்து உப்புக்காற்றில் சாதா இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். ஒரு தொல்லை, நல்ல எஸ்.எஸ். காந்தத்தில் பெரும்பாலும் ஒட்டாது. கட்டிலடியில் உருண்டால் விளக்குமாறுதான்.

மிஞ்சியே ஆகவேண்டிய சாமானும் உண்டு. முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷினின் முதுகில் நீளமான போல்ட்டுகள் இருக்கும். லாரியில் வரும்போது டிரம் ஆடாமல் பிடித்துவைக்க முடுக்கியவை. ஓட்டும் முன் எல்லாவற்றையும் கழற்றி, ஓட்டைகளைக் கூட வந்த மூடியால் அடைக்க வேண்டும். கழற்றாமல் ஓட்டினால் துணி பிழியும் நேரத்தில் மெஷினே குளியலறையை விட்டு நடந்து வரும். அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். வீடு மாறும்போது திரும்ப மாட்ட வேண்டும். பில்லோடு ஒரு கவரில் போட்டு, மேலே 'வாஷிங் மெஷின்' என்று பேனாவால் எழுதி வையுங்கள்.