ரேங்க் மேட்ச்சில் போங்காட்டம் ஆடாமல் இருப்பது எப்படி

தெரு கிரிக்கெட்டில் இப்படி ஒருவன் எல்லா ஊரிலும் இருப்பான். பேட் அவனுடையது. அவன் அவுட் ஆனதும் பேட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான், மற்றவர்கள் தென்னை மட்டையைத் தேட வேண்டும். வேலரன்ட் என்ற ஐந்துக்கு ஐந்து ஆன்லைன் துப்பாக்கி கேமில், தரவரிசை ஏறி இறங்கும் ரேங்க் மேட்ச்சில் 3-8 என்று பின்தங்கியதும் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறும் ஆளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன் ஞாபகம்தான் வரும். ஆனால் தெருவில் அவனுக்கு நாலு திட்டு விழும், மறுநாள் எங்கள் முகத்தில் முழிக்க வேண்டும். இங்கே முகமும் கிடையாது, பெயரும் நிஜப் பெயர் கிடையாது, அதனால் தெருவில் செய்யக் கூசுவதை எல்லாம் கூசாமல் செய்துவிடுகிறோம். மும்பை சர்வரில் முன்பின் தெரியாத ஆட்களோடு சில வருடமாக ஆடிக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். உதாரணம் பெரும்பாலும் வேலரன்ட், ஆனால் பிஜிஎம்ஐ, கவுன்டர் ஸ்ட்ரைக், டோட்டா போன்ற மற்ற ஆன்லைன் கேம் ஆடுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

மேட்ச் தேடும் பட்டனை அழுத்தும் முன்

முதலில் நேரம். முதலில் 13 ரவுண்ட் ஜெயிக்கிற டீமுக்கு மேட்ச். சாதாரணமாக நாற்பது நிமிடம் போகும், 12-12 ஆகிவிட்டால் இரண்டு ரவுண்ட் முன்னிலை வரும்வரை இழுக்கும். ஆக ஒரு மணி நேரம் உங்களுடையது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் ரேங்க் போடுங்கள். அம்மா தயிர் வாங்கக் கடைக்கு அனுப்புவார் என்று தெரிந்தால் முதலில் போய் வாங்கி வந்துவிடுங்கள். இருபது நிமிடம்தான் இருக்கிறது என்றால் ஸ்விஃப்ட்ப்ளே என்ற குட்டி மேட்ச் இருக்கிறது, அதில் ஐந்து ரவுண்ட் ஜெயித்தால் போதும்.

அப்புறம் கரண்ட். மழைக்காலத்தில், வெயில் காலத்தில் உங்கள் ஏரியாவில் எந்த நேரம் கரண்ட் போகும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். யூபிஎஸ் இல்லாவிட்டால் அந்த நேரத்தில் ரேங்க் வேண்டாம். அதையும் மீறிப் போய்விட்டதா? திரும்ப வந்ததும் முதல் வேலையாக உள்ளே நுழையுங்கள், 'கரண்ட் போச்சு, சாரி' என்று ஒரே வரி போடுங்கள், ஆட ஆரம்பியுங்கள். விளக்கம் யாருக்கும் தேவையில்லை, அந்த ஒரு வரி தேவை.

உங்கள் டீமில் ஒருவர் காணாமல் போனால் இதே விஷயம் மறுபக்கம் வரும். முதல் ரவுண்டிலேயே ஆள் இல்லை என்றால் மேட்ச்சை ரத்து செய்ய ரீமேக் ஓட்டு போடலாம், தாண்டிவிட்டால் நாலு பேராக ஆட வேண்டியதுதான். அவர் வேண்டுமென்று போனாரா, நெட் போனதா என்று உங்களுக்குத் தெரியாது. திரும்பி வருகிறவரை 'எங்கடா போன' என்று வரவேற்றால் அவர் மைக்கை அணைத்துவிட்டு ஏனோதானோ என்று ஆடுவார். 'வந்துட்டீங்களா, பி பாத்துக்கோங்க' (மேப்பில் குண்டு வைக்கும் இடங்களுக்கு ஏ, பி என்று பெயர்) என்றால் ஐந்தாவது ஆள் உங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிடுவார். டோட்டாவில் ஆளின் நெட் போனால் ஆட்டத்தையே நிறுத்தி வைக்க முடியும், எதிர் டீமும் நிதானமாகக் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பு எனக்கு ரொம்பப் பிடித்த பழக்கம். வேலரன்ட் ரேங்கில் அந்த வசதி இல்லை என்பதால் பொறுமையை நாம்தான் கொண்டுவர வேண்டும்.

மைக்

செத்ததும் என்ன சொல்ல வேண்டும்? எங்கே, எத்தனை பேர், எவ்வளவு அடித்தீர்கள். 'ஏ மெயின்ல ரெண்டு, ஒருத்தனுக்கு எண்பது.' அவ்வளவுதான் இன்ஃபோ. அதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. உங்கள் டீமில் கடைசியாக ஒருவர் மிஞ்சியிருக்கிறார், எதிரில் இருவர், ஸ்பைக், அதாவது குண்டு, வைத்தாகிவிட்டது. வெடிக்க 45 விநாடி, அதைச் செயலிழக்க வைக்க (டிஃப்யூஸ்) 7 விநாடி. அதில் மூன்றரை விநாடி பிடித்துவிட்டால் பாதி சேமிப்பாகிவிடும், விட்டுவிட்டு வந்து மீதியை முடிக்கலாம். அந்த மூன்றரை விநாடியில் அவருக்கு இருக்கும் ஒரே துணை காதுதான். இடப்பக்கப் படியில் ஒரு காலடி கேட்டால் திரும்ப வேண்டும், கேட்காவிட்டால் பிடியை விடக்கூடாது. அந்த நேரம் பார்த்து செத்துப்போன நாலு பேரும் 'அங்க இருக்கான், திரும்பு, திரும்பு, ஐயோ விட்டுட்டியே' என்று கத்தினால் அவர் எதைக் கேட்பார்? நான் இப்போதெல்லாம் கிளட்ச், அதாவது இப்படிக் கடைசி ஆள் மட்டும் போராடும் நிலைமை, என்றால் மைக் பட்டனிலிருந்து விரலையே எடுத்துவிடுகிறேன். தோற்றாலும் 'நல்ல முயற்சி' என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

இன்னொன்று, இதில் நான் தவறு செய்திருக்கிறேன். ஒரு ராத்திரி எங்கள் டீமில் ஒரு பெண் இருந்தார். முதல் இரண்டு ரவுண்ட் அருமையாக இன்ஃபோ கொடுத்தார், எங்கே எத்தனை பேர் என்று சரியாகச் சொன்னார். மூன்றாவது ரவுண்டில் டீமில் ஒருத்தன் 'பொண்ணா? எந்த ஊரு? ஐடி என்ன?' என்று ஆரம்பித்தான், இன்னொருத்தன் சிரித்தான். அவர் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மைக்கே இல்லை, மேப்பில் இடத்தைக் காட்டும் பிங் மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை, நமக்கு எதுக்கு வம்பு என்று இருந்துவிட்டேன். 11-13 என்று தோற்றோம். தோற்றதைவிட அந்தப் பிங் சத்தம்தான் எனக்கு இன்னும் மனதில் இருக்கிறது.

அதனால் இப்போது இப்படிச் செய்கிறேன், நீங்களும் செய்யுங்கள். பெண் குரல் கேட்டால் எந்தக் குரலுக்கும் சொல்வதையே சொல்லுங்கள்: 'சரி, நான் பி வரேன்.' யாராவது ஆரம்பித்தால் உடனே 'ப்ரோ, கேம் ஆடலாம்' என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு பேச்சை மேட்ச்சுக்குத் திருப்புங்கள். அடங்கவில்லையா, 'ரிப்போர்ட் பண்ணிட்டேன்' என்று அவனிடமே சொல்லிவிட்டு மியூட் செய்யுங்கள். பிரசங்கம் வேண்டாம். டீமில் ஒருவராவது தன் பக்கம் இருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்தால் போதும்.

துப்பாக்கி

சின்ன விஷயம். வேண்டல் துப்பாக்கி கேம் பணத்தில் 2900. உங்களிடம் 7000 இருக்கிறது, பக்கத்தில் ஒருவர் பிஸ்டலோடு நிற்கிறார் என்றால் அவர் கேட்கும் முன் வாங்கிக் கொடுங்கள். பணம் 9000க்கு மேல் சேரவும் சேராது.

ஹேக், ஸ்மர்ஃப், டீமப்

தானாகவே குறிபிடிக்கும் எய்ம்பாட், சுவருக்குப் பின்னால் காட்டும் வால்ஹேக் போடாதே என்று இதைப் படிக்கிறவருக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறேன். ஆனாலும் ஒன்றை நினைவுபடுத்துகிறேன். 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த கவுன்டர் ஸ்ட்ரைக் போட்டியில் ஆப்டிக் இந்தியா டீமின் ஆட்டக்காரர் ஒருவர் மேடையிலேயே ஹேக்கோடு பிடிபட்டார். அந்த ஃபைலுக்கு வேர்டு என்று பெயர் வைத்து மறைத்திருந்தார். அவருக்கு ஐந்து வருடத் தடை. டீமையே கலைத்துவிட்டார்கள், கூட ஆடிய நாலு பேருக்கும் அதோடு வாய்ப்பு போனது. எனக்கு அந்த நாலு பேரை நினைத்துத்தான் வருத்தம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நம்மை அடித்தவன் எல்லாம் ஹேக்கர் கிடையாது. நீங்கள் ஓடினால் காலடிச் சத்தம் அவனுக்குக் கேட்கும், ஷிஃப்டை அழுத்தி நடந்தால் கேட்காது. சோவா என்ற கேரக்டரின் வேவு அம்பு பட்டிருந்தால் சுவருக்குப் பின்னால் நீங்கள் நிற்பது அவன் டீமுக்கே தெரியும். சந்தேகம் வந்தால் மேட்ச் முடிந்ததும் அமைதியாக ரிப்போர்ட் செய்யுங்கள், இரண்டு டீமும் பார்க்கும் ஆல் சாட்டில் 'ஹேக்கர்' என்று கத்தாதீர்கள். ஆறு மாதம் உட்கார்ந்து பழகியவனுக்கு அதைவிடக் கேவலமான பட்டம் இல்லை.

ஸ்மர்ஃப், அதாவது நல்ல ரேங்க் ஆள் புது அக்கவுன்டில் கீழ் ரேங்கில் ஆடுவது, இந்த விஷயத்தில் நிறையப் பேர் சமாதானம் சொல்வார்கள், 'ஃப்ரெண்டோட ஜாலிக்குத்தான் புது அக்கவுன்ட்' என்று. டைமண்ட் ரேங்க் ஆள் கீழே இருக்கும் சில்வர் ரேங்க் மேட்ச்சில் இறங்கினால் ஜாலி அவருக்கு மட்டும்தான். பள்ளிப் பையன்களின் கபடியில் மாவட்ட டீம் ஆள் ரெய்டு போன மாதிரி. டோட்டா நடத்தும் வால்வ் நிறுவனம் 2023 செப்டம்பரில் 90,000 ஸ்மர்ஃப் அக்கவுன்ட்களைத் தடை செய்தது, ஒவ்வொன்றையும் அதன் மெயின் அக்கவுன்ட் வரை தேடிப் பிடித்திருந்தது. நண்பரோடு ஆட வேண்டுமா, மெயின் அக்கவுன்டிலேயே ரேங்க் இல்லாத அன்ரேட்டட் ஆடுங்கள். ரேங்க் ஏற்றித் தரச் சொல்லி அக்கவுன்டை இன்னொருவரிடம் கொடுப்பதும் இதே போங்குதான், அந்த ரேங்கில் நாளைக்கு உங்களோடு ஆடும் நாலு பேர் ஏமாறுவார்கள்.

பிஜிஎம்ஐயில் ஒவ்வொருவரும் தனியாக ஆடும் சோலோவில் டீமப் போடுவதும் இதில்தான் சேரும். இரண்டு பேர் பேசிவைத்து ஒரே லாபியில் நுழைந்து ஒரே இடத்தில் குதித்து ஒருவரை ஒருவர் சுடாமல் ஆடினால் அதற்கு சோலோ என்று பெயர் இல்லை. தெரிந்தவர் எதிரே வந்தால் சுடுங்கள், அப்புறம் போனில் பேசிக்கொள்ளலாம்.

முடிந்த பிறகு

தோற்றாலும் ஜெயித்தாலும் 'ஜிஜி' (குட் கேம்) போடுங்கள். அதோடு 'ஈஸி' சேர்த்தால் அது ஜிஜி இல்லை. 13-2 என்று ஜெயித்திருந்தால் அந்த இரண்டு எழுத்தைத் தாண்டி எதுவும் எழுதாதீர்கள், எதிரில் இருப்பவர்களுக்கு அன்று ஏற்கெனவே போதுமான அளவு விழுந்திருக்கிறது. எதிர் டீமில் யாராவது நன்றாக ஆடியிருந்தால் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். 'ஜெட், அந்த ஏழாவது ரவுண்ட் செமை' என்று என் கேரக்டர் பெயரைச் சொல்லி ஒருத்தர் எனக்கு ஒரு தடவை எழுதியிருந்தார், அன்று நாங்கள் தோற்றிருந்தோம்.

தொடர்ந்து இரண்டு தோற்றால் நான் ரேங்கை மூடிவிடுகிறேன். மூன்றாவது மேட்ச்சில் முந்தைய இரண்டின் கோபத்தையும் புதிதாக வந்த நாலு பேர் மேல் கொட்டுவேன் என்று எனக்கே தெரியும். எழுந்து மொட்டை மாடிக்குப் போவேன், இல்லாவிட்டால் மைக்கைக் கழற்றிவிட்டு ரேங்க் இல்லாத டெத்மேட்ச் ஒன்று ஆடிவிட்டுப் படுத்துவிடுவேன்.