குவெரி மெதுவாக ஓடுகிறதா? இண்டெக்ஸ் போட்டுப் பாருங்கள்

டேட்டாபேஸிடம் தரவைக் கேட்கும் கட்டளைதான் குவெரி. புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போல, தேடுவது எங்கே இருக்கிறது என்று காட்டும் பட்டியல்தான் இண்டெக்ஸ். ஆர்டர்கள் என்றொரு டேபிளில் பத்து லட்சம் பதிவுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் எண் 4021 போட்ட ஆர்டர்கள் மட்டும் வேண்டும். வாடிக்கையாளர் எண் இருக்கும் புலத்தில் (டேபிளின் நெடுவரிசையில்) இண்டெக்ஸ் இல்லையென்றால் டேட்டாபேஸ் பத்து லட்சத்தையும் படித்தே தீர வேண்டும். இண்டெக்ஸ் இருந்தால், வரிசைப்படுத்தி வைத்த பி-ட்ரீயில் (மரம்போல் கிளை பிரியும் அடுக்கில்) மூன்று நான்கு படி இறங்கினாலே இடம் தெரிந்துவிடும்.

முதலில் அளந்து பாருங்கள். உங்கள் செலக்ட் குவெரிக்கு முன்னால் எக்ஸ்ப்ளைன் என்று சேர்த்து ஓட்டுங்கள். குவெரியை எப்படி ஓட்டப்போகிறது என்ற திட்டத்தை டேட்டாபேஸ் காட்டும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் 'செக் ஸ்கேன்' என்றோ, மைஎஸ்கியூஎல் என்ற மென்பொருளில் டைப் என்ற இடத்தில் 'ஆல்' என்றோ வந்தால் முழு டேபிளும் படிக்கப்படுகிறது. எக்ஸ்ப்ளைனோடு அனலைஸ் என்றும் சேர்த்தால், அது குவெரியை உண்மையிலேயே ஓட்டிவிடும். தரவை அழிக்கும் டிலீட், மாற்றும் அப்டேட்டோடு அதைச் சேர்க்காதீர்கள்.

அடுத்து, இண்டெக்ஸை உருவாக்குங்கள்:

கிரியேட் இண்டெக்ஸ் ஆர்டர்_வாடி ஆன் ஆர்டர்கள் (வாடிக்கையாளர்_எண்);

போஸ்ட்கிரெஸ் லைவ் சர்வர் என்றால் 'கன்கரண்ட்லி' சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இண்டெக்ஸ் உருவாகி முடியும்வரை அந்த டேபிளில் எதையும் எழுத முடியாது. அப்புறம் மறுபடி எக்ஸ்ப்ளைன் ஓட்டி, திட்டம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, ஒரு வாடிக்கையாளரின் ஆர்டர்களை ஒரு தேதிக்குப் பிறகு மட்டும் தேடினால்? இரண்டு புலங்களையும் ஒரே இண்டெக்ஸில் போடலாம். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் புலங்களின் வரிசை மிக முக்கியம். சமக்குறி போட்டுத் தேடும் புலம் முதலில், 'இதற்கு மேல், இதற்குள்' என்று தேடும் புலம் அடுத்து: (வாடிக்கையாளர்_எண், தேதி). இப்படிப் போட்டால் வாடிக்கையாளர் எண்ணை மட்டும் வைத்துத் தேடும் குவெரிக்கும் இதுவே போதும், முன்பு போட்ட இண்டெக்ஸை எடுத்துவிடலாம். தேதியை மட்டும் வைத்துத் தேடினால் பெரும்பாலும் உதவாது.

இண்டெக்ஸ் இருந்தும் பயன்படவில்லையா? குவெரியில் தேடல் நிபந்தனை வரும் 'வேர்' (WHERE) பகுதியைப் பாருங்கள். இயர்(தேதி) = 2024 என்று புலத்தை ஃபங்ஷனுக்குள் வைத்தால், தேதிப்படி அடுக்கிய இண்டெக்ஸ் கைகொடுக்காது. தேதி >= '2024-01-01' அண்ட் தேதி < '2025-01-01' என்று மாற்றுங்கள். லைக் '%குமார்' என்று முன்னால் சதவீதக்குறி (எந்த எழுத்துகளும் வரலாம் என்பதன் குறி) வந்தாலும் இதே சிக்கல்தான்.

அதற்காக எல்லாப் புலத்திலும் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு இன்சர்ட்டிலும் (புதிய பதிவு சேர்க்கும்போதெல்லாம்) அத்தனை இண்டெக்ஸ்களும் சேர்ந்து மாற வேண்டும், எழுதும் வேகம் குறையும்.