எஃப் ஷார்ப் மொழியில் பதிவு வகை: நெல் களஞ்சியக் கொப்பியிலிருந்து ஒரு வழிகாட்டல்

அம்பாறை மாவட்டத்தில் பெரும்போக அறுவடை தொடங்கியதும் நெல் களஞ்சியக் கொப்பியில், கொண்டுவந்தவர் பெயர், மூடை, நிறை, ஈரப்பதன் என்று ஒவ்வொரு வரியும் ஒரே ஒழுங்கில் எழுதப்படும். எஃப் ஷார்ப் (F#) என்னும் கணினி நிரல் மொழியில் அந்த ஒரு வரிக்கு ஈடானதே ரெக்கார்ட் எனப்படும் பதிவு வகை. இதே விவரங்களை டியூப்பிளாகவும், அதாவது பெயரிடாமல் வரிசையாக அடுக்கிய மதிப்புகளாகவும் கட்டலாம். ஆனால் 40, 2600, 18 என்று பெயரில்லாமல் நிற்கும் எண்களில் எது நிறை, எது ஈரம் என்பது எழுதியவருக்கே ஒரு மாதத்தில் மறந்துவிடும்.

முதலில் வகையை அறிவிக்க வேண்டும்.

டைப் நெல்வரவு = { பெயர்: ஸ்ட்ரிங்; மூடை: இன்ட்; நிறை: ஃப்ளோட்; ஈரம்: ஃப்ளோட் }

பெயர், மூடை போன்ற ஒவ்வொரு கூறும் ஒரு புலம்; ஸ்ட்ரிங் என்பது எழுத்துத் தொடர், இன்ட் முழு எண், ஃப்ளோட் தசம எண். புலப் பெயர்களைத் தமிழிலேயே வைக்க இம்மொழி இடம் தருகிறது. டைப், லெட், வித் போன்ற குறிச்சொற்களையும் ஸ்ட்ரிங் போன்ற வகைப் பெயர்களையும் மட்டும் ஆங்கில எழுத்தில் தட்டச்சிட வேண்டும். அடுத்து, ஒரு வரவைப் பதியலாம்.

லெட் வரவு = { பெயர் = "போடியார்"; மூடை = 40; நிறை = 2600.0; ஈரம் = 18.0 }

ஒரு புலத்தை விட்டுவிட்டாலும், நிரலைச் சரிபார்த்து மொழிமாற்றும் கம்பைலர் ஏற்காது. வகைப் பெயரை நாம் எழுதாவிட்டாலும் புலங்களைப் பார்த்து அதுவே கண்டுகொள்ளும். ஆயினும் அதே புலங்களோடு பின்னால் இன்னொரு வகையை அறிவித்திருந்தால் கடைசியாக வந்ததையே எடுத்துக்கொள்ளும் என்பதால், அத்தகைய இடத்தில் வகையை வெளிப்படையாகக் குறிப்பது நல்லது.

நெல்லைக் காயவிட்டு ஈரம் 14 வீதமாகக் குறைந்தால், பதிந்த மதிப்பை அழித்து எழுத முடியாது. புலங்கள் இயல்பாகவே மாறாதவை. பழையதிலிருந்து ஒரு புதிய பதிவை எடுக்க வேண்டும்.

லெட் காய்ந்தது = { வரவு வித் ஈரம் = 14.0; நிறை = வரவு.நிறை * 82.0 / 86.0 }

நீர் தவிர்ந்த பாகம் (முதலில் நிறையில் 82 வீதம், காய்ந்தபின் 86 வீதம்) காய்வதால் குறைவதில்லை என்பதால் நிறை ஏறக்குறைய 2479 கிலோவாகிறது; பெயரும் மூடையும் அப்படியே வருகின்றன. 2600 என்ற பழைய பதிவும் கையில் இருப்பதால், ‘குறைந்தது எவ்வளவு?’ என்று போடியார் கேட்டால் கழித்துக் காட்டலாம்.

நான் சறுக்கிய இடம் ஒன்று உண்டு. இரண்டு பதிவுகளில் எல்லாப் புலங்களும் ஒத்திருந்தால், அவை இரண்டும் ஒன்றே என்று எஃப் ஷார்ப் கொள்ளும். ஒருவர் காலையிலும் பின்னேரத்திலும் நாற்பது நாற்பது மூடையாக, ஒரே நிறையில், ஒரே ஈரத்தில் இறக்கியிருந்தார். ஒத்தவற்றில் ஒன்றை மட்டுமே வைத்துக்கொள்ளும் ‘செட்’ ஆகப் பட்டியலை மாற்றியபோது ஒரு லோட் கணக்கிலிருந்து காணாமற்போனது. மொழியின் பிழையல்ல, பற்றுச்சீட்டு இலக்கத்தைப் புலமாக வைக்காத என் பிழை. இலக்கத்தைச் சேர்த்தவுடன், பதிவை முழுதாகக் கட்டிய இடங்களையெல்லாம் கம்பைலரே பிழையாகக் காட்டித் தந்தது. ‘வித்’ கொண்டு எடுத்தவை தொடாமலே சரியாயின. அறிவித்த புல ஒழுங்கிலேயே பதிவுகள் ஒப்பிடப்படுவதால் இலக்கத்தை முதற் புலமாக வைத்தேன், இப்போது ‘லிஸ்ட்.சோர்ட்’ கொடுத்தால் வரவுகள் பற்றுச்சீட்டு வரிசையிலேயே வருகின்றன.